ஈர்க்குச்சி நிப்பும் ஒரு லினக்ஸ் டிரைவரும்

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பரணை ஒழித்தபோது அது வெளியே வந்தது. சீர் வந்த பித்தளை அண்டாவுக்கும் மூடி உடைந்த மிக்ஸி ஜாருக்கும் நடுவில், துணிக்கடைப் பையில் சுற்றிய ஒரு கறுப்புப் பலகை, கணினியில் சொருகிப் பேனாவால் படம் வரைகிற வகை. கூடவே ஒரு பேனா, 8 சென்டிமீட்டர் குட்டி சிடி, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட யுஎஸ்பி கேபிள். ரப்பர் பேண்ட் உருகி கேபிளோடு ஒட்டிப் போயிருந்தது.

“அதெல்லாம் இனி ஓடாதுங்க, பழைய இரும்புக்காரருக்குப் போட்டுருங்க” என்றாள் மனைவி. அப்படிச் சொன்னவள்தான் 2012-இல் தன் சொந்தச் சம்பளத்தில் அதை வாங்கியவள். அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டி-ஷர்ட்டுகளுக்கு அச்சுப் படம் வரைகிற வேலை. புலி முகம், மண்டை ஓடு, வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு டைனோசர், எல்லாம் இந்தப் பலகையில் வரைந்ததுதான். மகள் பிறந்ததும் வேலை போயிற்று, பலகை பரணேறிற்று. அந்த மகள் இப்போது நாலாம் வகுப்பு. பலகையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு “இது எனக்கு” என்று சொல்லிவிட்டாள். என்ன பொருள் என்றே அவளுக்குத் தெரியாது. டேப்லெட் என்று சொன்னேன். மாத்திரையா, பெரிய போனா என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பலகைதான்.

முதல் வேலை பேனா. இப்போது வருகிற பேனாக்கள் பலவற்றில் பேட்டரி கிடையாது, பலகையே காந்தப் புலம் வழியாக மின்சாரம் ஊட்டிவிடும். இது பழைய வகை. உள்ளே ஒரு டிரிபிள்-ஏ செல் போட்டால்தான் பேனா சிக்னல் விடும். பலகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற கம்பிச் சுருள்கள் அதைப் பிடித்து, பேனா எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும். நுனியை அழுத்தினால் சிக்னல் லேசாக மாறும், அந்த மாற்றம்தான் அழுத்தம்.

மூடியைத் திருகினேன், செல் வரவில்லை. பத்து வருடம் உள்ளேயே கிடந்து கசிந்து, வெள்ளையாகப் பூத்து இறுகியிருந்தது. மேசையில் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். ஆல்கலைன் செல்லின் கசிவு காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால்தான் விடும். அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, காது குடைகிற பட்ஸில் தொட்டு உள்ளே விட்டபோது மெல்ல நுரைத்தது. அப்புறம் துடைத்துக் காயவைத்து, ஸ்பிரிங்கின் முனையை உப்புத்தாளால் தேய்த்துப் புதுச் செல் போட்டேன்.

நிப் முக்கால்வாசி தேய்ந்திருந்தது. அந்த மாடலுக்கு நிப் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த வகைப் பேனாவில் நிப்புக்கு ஒரே வேலைதான், நுனியில் விழுகிற அழுத்தத்தை உள்ளே தள்ளுவது. அது எதனால் ஆனது என்பதைப் பற்றிப் பேனாவுக்குக் கவலை இல்லை. அம்மாவின் சீமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகள் மூன்றை உருவி, தடிமன் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிளேடால் சீவி, முனையை உருட்டித் தேய்த்துச் சொருகினேன். பிளாஸ்டிக் நிப்பை விடக் கொஞ்சம் கரகரப்பு, காகிதத்தில் பென்சில் ஓடுகிற மாதிரி. சீமாற்றைக் கலைத்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு 24.04. பலகையைச் சொருகியதும் கர்சர் அசைந்தது, சொடுக்கியது. பரவாயில்லையே என்று கிரிட்டா என்கிற படம் வரைகிற மென்பொருளைத் திறந்து மகளிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள். “அப்பா, எப்படி அமுக்குனாலும் ஒரே தடிமனாத்தான் வருது.” அழுத்தம் வரவில்லை. பலகை தன்னை வெறும் மவுஸாகக் காட்டிக்கொண்டிருந்தது. விற்ற கம்பெனியின் இணையதளத்தில் போய்ப் பார்த்தால் அந்த மாடலின் சுவடே இல்லை. குட்டி சிடியில் இருக்கிற டிரைவரோ, அதாவது கருவியின் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கிற நிரலோ, விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7-க்கு மட்டும்.

என் பிழைப்பு, கிணற்று மோட்டாரைப் போனிலிருந்து ஓட்டுகிற மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள்ளேயே ஓடுகிற நிரல், எழுதுவது. கோயம்புத்தூரில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. சி மொழி தெரியும், பிட்டும் பைட்டும் தெரியும், ஆனால் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாத்ரூம் குழாயையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றுவதாகத்தான் சொல்லியிருந்தேன்.

விஷயம் இதுதான். மவுஸ், கீபோர்டு, இந்தப் பலகை எல்லாம் யுஎஸ்பியில் ஹெச்ஐடி என்கிற பொது வழக்கப்படி பேசுபவை. சொருகியவுடன் ஒவ்வொன்றும் தன் ஜாதகத்தை எடுத்து நீட்டும். ரிப்போர்ட் டிஸ்கிரிப்டர் என்பார்கள். ‘நான் அனுப்புகிற பைட்டுகளில் இந்த பிட் பட்டன், இந்த 16 பிட் இடவலம், இந்த 16 பிட் மேல்கீழ், அதிகபட்சம் இவ்வளவு’ என்று அதில் எழுதியிருக்கும். ஜாதகம் ஒழுங்காக இருந்தால் தனி டிரைவரே வேண்டாம், கெர்னலில் இருக்கிற பொது டிரைவர் அதைப் படித்தே சமாளித்துவிடும். எங்கள் பலகை கொடுத்ததோ தரகர் எழுதிக் கொடுத்த ஜாதகம். பேனா என்ற பேச்சு ஒப்புக்கு ஓரிடத்தில் இருந்தது, அந்த வழியில் ஒரு பைட்டும் வரவில்லை. வந்ததெல்லாம் மவுஸ் வழியாகத்தான்.

அப்படியானால் விண்டோஸ் டிரைவர் இதனிடம் என்னவோ சொல்லி எழுப்புகிறது. அது என்ன என்று ஒட்டுக்கேட்க வேண்டும். சிடி படிக்கிற கணினி எங்கள் ஆபீஸில் ஒன்றுதான் மிச்சம், கணக்குப் பிரிவில். அதில் சிடியை நகலெடுத்து வந்து, லேப்டாப்பில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிற விர்ச்சுவல் பாக்ஸுக்குள் ஒரு விண்டோஸ் 7 போட்டு, பலகையை அதன் கையில் ஒப்படைத்தேன். வெளியே லினக்ஸில் யுஎஸ்பிமான் என்கிற மாட்யூலை, அதாவது கெர்னலோடு சேர்கிற துண்டு நிரலை, ஏற்றிவிட்டால் யுஎஸ்பி கம்பியில் போய்வருகிற அத்தனையும் வயர்ஷார்க் என்கிற மென்பொருளில் தெரியும்.

முதல் தடவை பதிவு செய்தபோது உற்சாகத்தில் பேனாவை எடுத்து வரைந்து பார்த்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் பாக்கெட், ஊசியைத் தேட வைக்கோல் போர். இரண்டாம் தடவை பேனாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, டிரைவர் இல்லாத விண்டோஸில் ஒரு பதிவு, டிரைவர் போட்ட பிறகு ஒரு பதிவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். டிரைவர் உள்ள பதிவில் இரண்டே இரண்டு கேள்விகள் அதிகம். ‘உன் 123-ஆம் சரத்தைச் சொல்.’ ‘உன் 100-ஆம் சரத்தைச் சொல்.’

யுஎஸ்பி கருவிகளில் சரம், அதாவது ஸ்ட்ரிங் டிஸ்கிரிப்டர் என்று ஒரு சமாசாரம் உண்டு. தயாரித்தவர் பெயர், பொருளின் பெயர், சீரியல் எண் மாதிரியானவற்றை எழுத்தாக வைத்திருக்கும் இடம். சாதாரணமாக 1, 2, 3 என்று இருக்கும், மிஞ்சிப் போனால் 5 அல்லது 6. மூன்று அறை வீட்டில் ஒருவன் நேராகப் போய் 100-ஆவது அறைக் கதவைத் தட்டுகிறான், கதவும் திறக்கிறது. பதிலாக வந்தது 12 பைட். எழுத்தாகப் படித்தால் குப்பை. தாளில் எழுதி, இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்து எண்ணாக்கினேன். 32000. 20000. நடுவில் ஒரு ஜோடியைத் தாண்டினால் 2047. கடைசியில் 4000.

2047 எதுவென்று உடனே புரிந்தது, பலகையின் பின்பக்க ஸ்டிக்கரில் 2048 நிலை அழுத்தம் என்று போட்டிருந்தது. மற்ற மூன்றுக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்து ஸ்கேலை எடுத்து வரைகிற பரப்பை அளந்தேன். சரியாக 8 அங்குலம், 5 அங்குலம். 32000-ஐ 4000-ஆல் வகுத்தால் 8. 20000-ஐ வகுத்தால் 5. அங்குலத்துக்கு 4000 கோடு. ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சிரித்ததைப் பார்த்து, தண்ணீர் குடிக்க வந்த அம்மா எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

அதைவிட முக்கியம், இந்தக் கேள்வியைக் கேட்பதே கட்டளை. 100-ஆம் சரத்தைப் படித்த மாத்திரத்தில் பலகை மவுஸ் வேஷத்தைக் கலைத்துவிட்டு முழு அளவில் பேச ஆரம்பிக்கிறது. டிரைவர் எழுதுவதற்கு முன்னால் பைதானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்த்தேன். பேனாவைப் பலகைக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தால் வந்தது இது:

07 80 68 39 71 26 00 00

அதே இடத்தில் நுனியை ஊன்றினால்:

07 81 68 39 71 26 42 03

பலகை அனுப்புகிற இப்படி ஒவ்வொரு வரியும் ஒரு ரிப்போர்ட், முதல் 07 அதன் எண். அடுத்தது நிலை, 80 என்பது 81 ஆனால் நுனி தொட்டுவிட்டது என்று அர்த்தம். 68 39 என்பதைத் திருப்பிப் போட்டு ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடியாகக் கொண்ட எண் முறையில், 3968 என்று படிக்க வேண்டும், அதாவது 14696. இடது ஓரத்திலிருந்து மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். 71 26 என்பது 9841, மேலிருந்து ஏறக்குறைய இரண்டரை. கடைசி ஜோடிதான் நான் தேடி வந்தது. 42 03, அதாவது 834. அழுத்தினால் ஏறியது, தளர்த்தினால் இறங்கியது. ஈர்க்குச்சியால் 2000-ஐத் தாண்ட முடிந்தது.

இனி இதைக் கெர்னல் டிரைவராக்க வேண்டும். ஹெச்ஐடி டிரைவர் ஒன்றும் பெரிய பூதம் இல்லை. எந்தக் கருவிக்கு என்கிற எண் பட்டியல், சொருகியவுடன் ஓடுகிற ஒரு ஃபங்ஷன், ஜாதகத்தை மாற்றி எழுதுகிற ஒரு ஃபங்ஷன், வருகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தொட்டுப் பார்க்கிற ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். பிழைகளை மட்டும் சொல்கிறேன். 12 பைட்டை வாங்க ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு அரே போட்டேன், ஃபர்ம்வேரில் 15 வருடமாகச் செய்கிறபடி. கெர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்ஜியில் பக்கம் பக்கமாகத் திட்டு: டிரான்ஸ்ஃபர் பஃபர் ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷனின் தற்காலிக நினைவகத்தில், இருக்கிறது என்று. யுஎஸ்பிக்குக் கொடுக்கிற நினைவகத்தைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்புறம் ஜாதகத்தைக் கெர்னல் படித்து முடித்த பிறகு நான் அளவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் முடிந்து பொருத்தம் பார்ப்பது மாதிரி. வரிசையை மாற்றியதும் சரியாயிற்று. செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு ஏற்பாட்டின் காரணமாகக் கையெழுத்து இல்லாத மாட்யூலை லேப்டாப் ஏற்க மறுத்ததில் ஒரு சாயங்காலம் போயிற்று.

ஒரு வாரம் முழுக்கத் தின்ற பிழை வேறு. மாட்யூல் ஏறுகிறது, திட்டு எதுவும் இல்லை. கருவியிலிருந்து கெர்னலுக்கு வருவதைக் காட்டுகிற எவ்டெஸ்டில் பார்த்தால் இடவலம், மேல்கீழ், அழுத்தம் மூன்றும் ஓடுகின்றன. ஆனால் திரையில் கர்சர் அசைய மாட்டேன் என்கிறது. பேனாவை வைத்துத் தேய்க்கிறேன், அசையவில்லை. சலித்துப்போய்ப் பேனாவை மேசையில் வைத்தால், கர்சர் ஒரு துள்ளு துள்ளிப் பேனா கடைசியாக இருந்த இடத்தில் வந்து நிற்கிறது. ஜாதகத்தைப் பிட் பிட்டாகத் திருத்திப் பார்த்தேன். எக்ஸ், ஒய் மாறிவிட்டதா என்று பார்த்தேன். டெஸ்க்டாப்பின் மேல் சந்தேகப்பட்டு வேறொன்றைப் போட்டுப் பார்த்தேன்.

கண்டுபிடித்தது மகள். அதாவது அவள் கண்டுபிடிக்கவில்லை, பேனாவைப் பலகைமேல் கிட்டே கொண்டுவந்து தள்ளிக் கொண்டுபோய் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் எவ்டெஸ்ட் ஓடுகிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை கிட்டே போகும்போது ‘பேனா’ என்கிற வரியில் 0. கை விலகும்போது 1. ரிப்போர்ட்டின் இரண்டாம் பைட்டை எடுத்துப் பார்த்தேன். பேனா இருக்கும்போது 1000 0000. போகும்போது 1100 0000. வலமிருந்து 0, 1, 2 என்று எண்ணினால் 6-வது பிட்தான் ‘பேனா அருகில் இருக்கிறது’ என்று சொல்லவேண்டிய பிட். இந்தப் பலகையில் அது தலைகீழ். ஆள் வந்து நிற்கும்போது “வீட்டில் இல்லை” என்று சொல்லிவிட்டு, போன பிறகு கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற கடன்காரன் மாதிரி. பேனா இல்லை என்று பலகையே சொல்லும்போது லினக்ஸ் எதற்குக் கர்சரை நகர்த்தப் போகிறது? ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இரண்டாம் பைட்டை ஹெக்ஸ் 40-உடன் எக்ஸ்ஆர் செய்து, அந்த ஒரு பிட்டை மட்டும் புரட்டுகிற ஒரு வரி சேர்த்தேன். கர்சர் பேனாவின் பின்னால் நாய்க்குட்டி மாதிரி ஓடியது.

அன்று ராத்திரி மகள் ஒரு யானை வரைந்தாள். தும்பிக்கை அடியில் தடித்து, நுனியில் மெலிந்தது. மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் பலகை மறுபடியும் மவுஸ். மூடியை மூடியதும் லேப்டாப் தூங்குகிறது, யுஎஸ்பிக்கு மின்சாரம் நின்றுபோகிறது, பலகை எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. விழிக்கிறபோது 100-ஆம் சரத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும். அதற்கும் ஒரு சின்ன ஃபங்ஷன்.

இதெல்லாம் முடிந்து, மார்ச் கடைசியில், டிரைவரைக் கொஞ்சம் அழகுபடுத்தலாம் என்று கெர்னலில் மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மேய்ந்துகொண்டிருந்தேன். ஹெச்ஐடி-யுசிலாஜிக் என்று ஒரு டிரைவர் கண்ணில் பட்டது. திறந்தேன். 100-ஆம் சரம் இருக்கிறது. அதைப் படித்தால் பலகை முழுதாக இயங்கத் தொடங்கும் என்றும், விண்டோஸ் டிரைவரின் போக்குவரத்தை ஒட்டுக்கேட்டுக் கண்டுபிடித்தது என்றும் கமெண்ட் எழுதியிருக்கிறது. நான் தாண்டிப் போன ஜோடியை அவர்களும் தாண்டித்தான் போகிறார்கள். இடவலம், மேல்கீழ், அழுத்தம், கடைசியில் அங்குலக் கணக்கு. தலைகீழ் பிட்டுக்குத் தனிப் பெயரே வைத்து, அதே 40-உடன் எக்ஸ்ஆர். நிக்கோலாய் கொண்டரஷோவ் என்பவர் டிஜிமெண்ட் என்ற திட்டத்தின் கீழ் இந்த வகைப் பலகைகளை எல்லாம் வருடக்கணக்கில் தோண்டித் துருவி கெர்னலில் சேர்த்திருக்கிறார்.

ஏன் முதலிலேயே இது கண்ணில் படவில்லை? நான் தேடியது பலகையின் மேல் அச்சடித்த பெயரை. அந்தப் பெயர் விற்றவன் ஒட்டியது. உள்ளே இருக்கிற சாமான் வேறொருவனுடையது, பல பெயர்களில் பல நாடுகளில் விற்றது. எங்கள் பலகையின் யுஎஸ்பி எண் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லாமல் போயிருந்தது. கெர்னல் மூலத்தை இறக்கி, மூன்று இடத்தில் ஒவ்வொரு வரி சேர்த்து, தொகுத்து ஏற்றிப் பார்த்தேன். பேனா ஓடியது. மூன்று வரி. நான் எழுதியது 212 வரி.

இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் தெளிந்தேன். அந்த மூன்று வரியைக் கெர்னல்காரர்களுக்கு அனுப்ப பேட்சாக, அதாவது திருத்தக் கோப்பாக, ஆக்கிக்கொண்டிருக்கிறேன். டேப் போடவேண்டிய இடத்தில் நான் ஸ்பேஸ் போட்டிருக்கிறேன் என்று அவர்களுடைய சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் திட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் மட்டும் என் 212 வரிதான் ஓடுகிறது. ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் மறுபடி தொகுக்க டிகேஎம்எஸ் வேறு வைத்துக்கொண்டு இப்படி ஓட்டுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது, வறட்டுக் கௌரவம்தான். கெர்னல் 6.3-இலிருந்து ஹெச்ஐடி-பிபிஎஃப் என்று ஒன்று வந்திருக்கிறது, ஜாதகத் திருத்தத்துக்கு மாட்யூலே எழுத வேண்டாம். அதையும் வேலை முடிந்த பிறகுதான் படித்தேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வட்டம் போட்டால் பக்கவாட்டில் இழுத்த மாதிரி சப்பையாக வருகிறது என்று மனைவி சொன்னாள். பலகை 8-க்கு 5, லேப்டாப் திரை 16-க்கு 9. உயரத்தில் 20000-க்குப் பதில் 18000 மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னதும் வட்டம் வட்டமாயிற்று, பலகையின் அடியில் அரை அங்குலம் சும்மா கிடக்கிறது.

அந்தக் குறையைச் சொல்கிற அளவுக்கு அவள் அதில் உட்கார ஆரம்பித்திருந்தாள். முதலில் மகளுக்குக் காட்டிக்கொடுக்கிற சாக்கில். இப்போது மகள் தூங்கின பிறகு. பட்டன்கள் வேண்டும் என்று கேட்டாள். பலகையின் இடது ஓரத்தில் எட்டு பட்டன். சும்மா சொருகினால் அவை ஏதோ கீபோர்டு சுருக்குகளை அனுப்பும். 123-ஆம் சரம் அதற்குத்தான். கேட்டால் ‘ஹெச்கே ஆன்’ என்று பதில் வரும், அப்புறம் பட்டன்கள் பட்டன்களாகவே வரும், அதே 07 ரிப்போர்ட்டில் 5-வது பிட்டை உயர்த்திக்கொண்டு. எழுதிச் சேர்த்தேன். ஏழு வந்தன. மேலிருந்து மூன்றாவது வரவே இல்லை. எவ்டெஸ்டில் இல்லை, டிரைவருக்குள் பார்த்தால் இல்லை, வயர்ஷார்க்கில் கம்பியிலேயே இல்லை. டிரைவரில் பிழை தேடி இரண்டு ராத்திரி.

“மூணாவதா? அது அன்டூங்க” என்றாள். “மூணு வருசம் அதத்தானே அமுக்கிட்டே இருந்தேன். கடைசியிலயே சரியா வேலை செய்யலை.”

பட்டனுக்கு அடியில் இருக்கிற கார்பன் தேய்ந்திருக்கும். பலகையைப் பிரிக்க வேண்டுமென்றால் அடியில் ஒட்டிய ரப்பர் கால்களைப் பிய்த்து உள்ளே இருக்கிற திருகாணிகளைக் கழற்ற வேண்டும். ஓடுகிற பொருளைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்டூவை, அதாவது கடைசியாகப் போட்டதை அழித்துப் பின்னால் போவதை, நாலாவது பட்டனுக்கு மாற்றிக் கொடுத்தேன். வரையும்போது பார்க்கிறேன், அவள் கட்டைவிரல் இன்னும் மூன்றாவதற்குத்தான் போகிறது. போய், ஒரு கணம் நின்று, ஒரு படி கீழே இறங்குகிறது.